கடலைப் பார்த்த அன்ரனா

எண்ணெய்ச் சட்டியில் சூடை மீன் விழுந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைகிறபோதெல்லாம், குசினியில் நிற்கிற நான் ஒரு கணம் இறக்கக்கண்டி வளவில் இரும்புக் குழாயொன்றைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும் பத்து வயதுப் பெண்ணாகிவிடுகிறேன். படம் வராத தொலைக்காட்சியின் இரைச்சலும் அதுதான். திரையெங்கும் ஈக்கள்போலப் புள்ளிகள் பறப்பதை எங்கள் ஊரில் ‘இலையான் மொய்க்குது’ என்பார்கள்.

கடல் அசையாமல் கிடக்கும் மாலைகளில், வடக்கே திருப்பிய அன்ரனாவில் இந்தியப் படம் விழும். அது பூட்டிய இரும்புக் குழாயைத் திருப்பிப் பிடிப்பது என் வேலை. “இன்னும் கொஞ்சம்... ஐயோ, போயிட்டுது, திருப்படி!” என்று உள்ளேயிருந்து அம்மா கத்துவார். பிடித்திருக்கும்வரை படம் நிற்கும், கையை எடுத்தால் இலையான். ஆகவே எங்கள் வீட்டில் படத்தைப் பிடித்துத் தந்தவள் படம் பார்த்ததேயில்லை.

அண்ணன் படகேறி இந்தியாவுக்குப் போய், ஒரு கடிதமும் வராமலிருந்த வருடம் அது. ஒரு மாலை, செய்தியில் அகதி முகாம் வரிசையொன்றைக் காட்டினார்களாம். “முருகா, அண்ணனடி! ஓடி வா!” அம்மாவின் குரல் கேட்டதும் குழாயை விட்டுவிட்டு ஓடினேன். நான் விட்டால் படம் போய்விடும் என்பது வாசலில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. திரை நிறைய இலையான். “கண்டனியோடி?” என்று தோளை உலுக்கினார். “ஓம்” என்றேன். ஏன் சொன்னேன்? பயமா, அம்மாவின் கண்களா, இல்லை, அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு முகம் உண்மையாகவே கரைந்துகொண்டிருந்ததா? இன்றுவரை பிடிபடவில்லை.

பிறகு நகரப் பக்கத்து மலையில் ரிலே கோபுரம் எழும்பியது. ஊர் அன்ரனாக்கள் எல்லாம் கடலை விட்டு மலைக்குத் திரும்பின. எங்களுடையதை மட்டும் அம்மா தொடவிடவில்லை.

“உன்ர பெடியன் ரீவியில வந்துதான் சுகம் சொல்லுவானோ?” என்று பக்கத்து வளவு மாமி பகிடி பண்ணுவார்.

“நான் மட்டுமே கண்டனான்? இவளும் கண்டவள்.”

நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனது ஒற்றை ‘ஓம்’ மேல்தான் அம்மா இத்தனை வருடமும் காத்திருந்தார்.

சென்ற மாதம் மலைக் கோபுரத்தின் முறை வந்தது. இனி டிஜிட்டலாம், பழைய படம் வராதாம். நான் இப்போது இருக்கிற பாலையூற்றிலிருந்து புதுப் பெட்டியோடு அம்மாவிடம் போனேன். அதைப் பொருத்த வந்த கடைத் தம்பி, துருவேறிய குழாயைத் தட்டிப் பார்த்தான்.

“இதைக் கழட்டவோ அம்மா?”

“இவளிட்டக் கேளுங்கோ தம்பி. இவள்தான் பிடிச்சவள்.”

“கிடக்கட்டும்” என்றேன். யாருக்காகச் சொன்னேனோ.

புதுப் பெட்டியில் படம் வந்தால் பளிச்சென்று வருகிறது, வராவிட்டால் திரை கறுத்துப்போகிறது. இரைச்சலும் இலையானும் போய்விட்டன. இது அவனாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

ஓட்டோ வந்து நின்றதும், படலையடியில் அம்மா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, அண்டைக்கு அண்ணன் என்ன நிறச் சேட்டு போட்டிருந்தவன்?”

“நீலம் அம்மா.”

பிடித்த கையை அவர் விடவில்லை.

“எங்கட ரீவி கறுப்பு வெள்ளையெல்லோ மகள்... சரி, பாத்துப் போயிட்டு வா.”