துத்தத் தண்ணீர் தெளித்த விரிப்பு

பழைய சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுப்போட்டு விரிப்பு தைப்பதென்றால் முதலில் துணியைத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் வெட்டிய சதுரம் தைக்கும்போது சதுரமாக இருக்காது. வெறும் தேய்ப்புப் பெட்டியை வைத்து அழுத்தினாலும் பத்து வருடம் கட்டிய சேலையின் மடிப்பு போகாது. தண்ணீர் தெளித்து, சூடு பட்டு, சுர்ரென்று ஆவி கிளம்பினால்தான் போகும். இதுவரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தகராறு இல்லை. தண்ணீரை எப்படித் தெளிப்பது என்பதில்தான் எனக்கும் மைனிக்கும் ஆகாது.

மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். பிள்ளை கிடையாது. அவர் செம்புத் தண்ணீரை வாய் நிறைய வைத்துக்கொண்டு புஸ்ஸென்று துணியில் ஊதுவார். மாவு சலித்த மாதிரி ஒரே சீராக விழும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எச்சில் எச்சில்தானே. நான் எண்ணெய்ச் சீசா ஒன்றைக் கழுவி, தகர மூடியில் ஆணியால் துளை போட்டு வைத்திருந்தேன். என் பிள்ளை படுக்கிற துணியில் கண்டவர் எச்சில் படக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். மைனி காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது. அவர் பாட்டுக்கு அடுத்த துணியை எடுத்து ஊதினார், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எனக்கு மூத்தது பிறந்து எட்டாம் நாள் போய்விட்டது. ஏன் போனது என்று டாக்டருக்கே தெரியவில்லை. என் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. இவளுக்குக் கையில் கவனம் இல்லை என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டாவது பையன் பிறந்தபோது என்னிடமே நேராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை கவனப் பிசகு என்று ஏதாவது நடந்தால், பிள்ளை பால் குடிக்க மட்டும்தான் என்னிடம் வரும், மற்றபடி அவர் கையில்தான் வளரும். மாமியார் சும்மா பேசுகிற ஆள் இல்லை.

விஸ்வநத்தத்தில் அப்போது வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவோம். கம்பெனியிலிருந்து பெட்டியாக மடிக்கிற மெல்லிய சீவல் கட்டை, காகிதம் எல்லாம் லோடாக வந்து இறங்கும். மைதாப் பசையை எலியும் கரப்பானும் தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்க வேண்டும். அது விஷம். அதைக் கரைத்துக் கலக்குகிற வேலை மாமியாருடையது, வேறு யாரையும் தொட விடமாட்டார். வீடு முழுக்கத் தீப்பெட்டிச் சாமான் கிடப்பதால் கங்கு போட்ட தேய்ப்புப் பெட்டி உள்ளே வரக்கூடாது. துவைக்கிற கல்லின் மேல் சாக்கு விரித்துத்தான் தேய்ப்பது.

பையனுக்கு நாலு மாதம் முடிந்த சமயம் விரிப்புக்குத் துணி தேய்த்தேன். பசைச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த என் சீசாவில் கால்வாசிக்கு நீலமாகத் தண்ணீர் கிடந்தது. துணிக்குப் போடுகிற நீலம், யாரோ மிச்சத்தை ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளைத் துண்டுகள் பளிச்சென்று இருக்கட்டுமே என்று அதிலேயே தண்ணீரை நிரப்பி, தாராளமாகத் தெளித்துத் தேய்த்தேன். நன்றாகவே தேய்ந்தது. மூன்று நாளில் தைத்து முடித்துப் பிள்ளையைப் படுக்கப் போட்டேன்.

மறுநாள் பிள்ளை விரிப்பின் முனையைச் சப்பிக்கொண்டு கிடந்தது. திடீரென்று வாந்தி எடுத்தது, விடாமல் எடுத்தது. நான் மைனி என்று கத்தினேன். மைனி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார், ஈரமாகக் கிடந்த முனையைத் தன் வாயில் வைத்துப் பார்த்தார், துப்பினார்.

"துத்தம்" என்றார்.

மாமியார் கம்பெனிக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வண்டி பிடித்துச் சிவகாசி டாக்டரிடம் ஓடினோம். நீலம் என்று நினைத்தேன் மைனி, நீலம் என்று நினைத்தேன் என்று வழி முழுக்க அழுதேன். வாந்தி எடுத்ததுதான் பிள்ளையைக் காப்பாற்றியது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

திரும்பி வந்தபோது மாமியார் வாசலிலேயே நின்றார். பக்கத்து வீட்டுக்காரி எல்லாம் சொல்லியிருந்தாள். அந்தத் துணிக்குத் தண்ணீர் தெளித்தது யார் என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

"நாந்தேன் ஆத்தா" என்றார் மைனி. "நீலம்னு நெனச்சுத் தெளிச்சிட்டேன்."

மாமியார் மகளை ஏற இறங்கப் பார்த்தார். இனிமேல் நீ பிள்ளையைத் தொடக்கூடாது என்றார். மைனி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பிள்ளை தவழ்ந்து மைனியிடம் போகும்போதெல்லாம் அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன். நான் பயந்தவள், அவ்வளவுதான்.

பையனுக்கு ஒரு வயது முடிந்த அன்று பொறுக்க முடியவில்லை. மாமியாரிடம் போய், தெளித்தது நான்தான் என்றேன். அவர் கட்டை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அவ என்னைக்குச் சீசாவத் தொட்டா? தகர டப்பா ஒழுகுச்சுன்னு அதுல துத்தத்தக் கரைச்சு வச்சதே நாந்தேன். உன்னையக் கேட்டா, ஏன் அதுல வச்சேன்னு நீ என்னையக் கேப்பே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யாரைத் திட்டுவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மைனியின் மடியில் உட்கார வைத்தேன். பழக்கமில்லாத மடி, வீல் வீலென்று கத்தினான். தூக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

"அழுதா அழுகட்டும். நான் தர மாட்டேன்" என்றார் மைனி.