தின்றாலும் பரவாயில்லாத புல்

என் கணவருக்கு ரயில் என்றால் உயிர். ஆனால் ரயிலில் ஏற மாட்டார். சென்னைக்குப் போவதென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துதான். அவர் உயிரை வைத்திருக்கும் ரயில் உள்ளங்கை நீளம். பிரான்சில் இருக்கும் அவருடைய அக்கா பெட்டியில் போட்டு அனுப்பியது. குருசுக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் மகளுக்கென்று நான் மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்த அறை அதற்காகக் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு எதுவும் வழங்கப்படவில்லை.

மேசைமேல் பிளைவுட் பலகை போட்டுத் தண்டவாளம் பதித்து, நடுவில் அட்டையில் ஒரு ஸ்டேஷன் வைத்தார். வண்டி ஓடியது. அது போதவில்லை.

"இன்னாம்மா இது, வெறும் பலகைல எந்த ஊர்ல ரயில் ஓடுது? மண்ணு வேணும், புல்லு வேணும், ஓரமா ரெண்டு பொதர் வேணும்."

இணையத்தில் புல் விற்கிறார்கள். எந்த மாடும் தின்னாத அந்தப் புல்லின் விலையைப் பார்த்ததும், "நானே செஞ்சு தரேன்" என்று வாயை விட்டேன். "ஆனா பாப்பாவ அந்த ரூமுக்குள்ள விடணும்."

"வரட்டும். தொடாம பாக்கட்டும்."

இரண்டரை வயதுக் குழந்தை தொடாமல் பார்க்குமாம். எங்கள் மகள் கண்ணால் பார்ப்பதே இல்லை. எதையும் வாயில் வைத்துத்தான் பார்ப்பாள். ஆகவே என் புல்லுக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: அவள் தின்றாலும் ஒன்றும் ஆகக்கூடாது.

அரியாங்குப்பத்து மரவாடியிலிருந்து அவர் ஸ்கூட்டரில் ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவந்தார். வழியெல்லாம் தூவிக்கொண்டே வந்ததில் பாதி மூட்டைதான் வீடு சேர்ந்தது.

"ஊர் உலகமே இதுலதான் செய்யுது. சலிச்சு, சாயம் போட்டுக் காயவெச்சா புல்லு."

"இது என்ன மரம்?"

"மரம்மா. மரம்."

மரத்தூள் குழந்தையின் நுரையீரலை என்னென்ன செய்யும் என்று இரண்டு மணி நேரம் படித்துவிட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பினேன். கடற்கரை மணலைச் சொன்னபோது அவர் பதறினார். உப்புக்காற்றே போதாதா, தண்டவாளம் துருப்பிடித்துவிடுமாம். இந்த வீட்டில் யாருடைய உடல்நலம் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன்.

காப்பியை விட்டுவிட்டு எல்லோரும் தேநீருக்கு மாறினோம். மண் சேர வேண்டுமே! வடிகட்டிய தேயிலைத் தூளை அலசிக் காயவைத்து வாணலியில் வறுத்தேன். நல்ல கரிசல் மண் கிடைத்தது. ரவையில் கேக்குக்குப் போடும் பச்சைச் சாயத்தைத் தெளித்துப் பிசறி, நிழலில் உலர்த்தினேன். ஒரே பச்சையாக இருந்தால் கேசரிபோல இருக்கும் என்று, ஒரு பங்கில் மஞ்சள்தூளும் இன்னொன்றில் கொஞ்சம் தேயிலையும் கலந்தேன். காய்ந்த கறிவேப்பிலையை நொறுக்கினால் புதர். சாயம் உண்ணத்தக்கது என்று டப்பாவில் போட்டிருந்தது. டப்பாவை யார் நம்புவது? ஒரு கரண்டி ரவையை நானே தின்று ஒரு நாள் காத்திருந்தேன். சாகவில்லை. பிறகு மைதாப் பசை காய்ச்சிப் பலகையில் தடவி, முதலில் மண், மேலே புல், அங்கங்கே புதர் என்று தூவினேன்.

அவர் குனிந்து, பலகை மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். "அய்யோ, அசல் விழுப்புரம் போற வழி மாதிரியே கீதும்மா!"

அந்தப் பெருமை மறுநாள் எறும்பு வரும்வரை நிலைத்தது. எங்கள் ரயிலுக்குப் பக்கத்தில் ஒவ்வோர் எறும்பும் ஒரு நாய் அளவு இருந்தது. மருந்து தூவட்டுமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனால் ஒப்புக்கொண்டார் என்று இன்னமும் நம்புகிறவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் மகள் நாற்காலிமேல் நிற்கிறாள். உதடெல்லாம் பச்சை. தண்டவாளத்தின் ஓரமாக ஒரு சாண் நிலம் மொட்டை. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் பதறவில்லை. சிரித்துக்கொண்டே போய் அவரை எழுப்பினேன்.

"உங்க விழுப்புரத்துல பாதிய உங்க பொண்ணு தின்னுட்டா."

அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம்?"

"என்ன எந்தப் பக்கம்?"

"ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ஏன்?"

"அந்தப் பக்கம் நான் பேத்துட்டுத் திரும்ப ஒட்டினேன். போஸ்டர் ஒட்றவங்க பசைல மயில்துத்தம் போடுவாங்கல்ல, பூச்சி வராதுன்னு... கொஞ்சூண்டுதாம்மா."

மயில்துத்தம் விஷம். தின்றாலும் பரவாயில்லாத ஒரு நிலத்தை நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதை எறும்பிடமிருந்து காப்பாற்ற அவர் விஷம் வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் மொட்டை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. போய்ப் பார்க்கவும் தோன்றவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

மருத்துவமனையில் இருந்தது ஓர் இளம் டாக்டர். "என்ன சாப்பிட்டா?"

"புல்லு, மேடம்" என்றார் இவர்.

"தோட்டத்துலயா?"

"ரயில்வே லைன்ல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். ரவை, சாயம், மஞ்சள், மைதா என்று ஒப்பித்தேன். "அப்ப உப்புமான்னு சொல்லுங்க" என்று புன்னகைத்தார். இவர் மயில்துத்தத்தைச் சொன்னதும் புன்னகை போய்விட்டது. வாயையும் வயிற்றையும் சோதித்துவிட்டு, சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும், வாந்தி எடுத்தால் உடனே கூப்பிடுங்கள் என்றார்.

எந்தப் பக்கம் மொட்டை என்று பார்த்துச் சொல்ல அவரை வீட்டுக்கு அனுப்பினேன். போனில் மூச்சு வாங்கியது. "இந்தப் பக்கம்தாம்மா! நீ ஒட்டின பக்கம். அந்தப் பக்கத்துல ஒரு பொட்டுகூட போகல."

"போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். நம்பவில்லை. லைட் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். பிறகு அளவுகோல் வைத்து எடுக்கச் சொன்னேன். மகள் கட்டிலில் உட்கார்ந்து "இன்னும் புல்லு" என்று கேட்டாள். அவள் வாந்தி எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவருடைய பாதியை அவரே சுரண்டி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினார். அவர் கழுவியதை நான் கழுவினேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் வெறும் பலகையாகக் கிடந்தது. வண்டி அதில் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கடைசியில் கேட்டே விட்டார்.

"இந்தப் பக்கமும் நீயே ஒட்டிக் குடுத்துடேன்."

மைதாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினேன். பசை பதமானதும் ஒரு கரண்டி எடுத்து ஆற்றி அவரிடம் நீட்டினேன்.

"இன்னாம்மா?"

"சாப்பிடுங்க."

சாப்பிட்டார். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பே இல்ல" என்றார்.

பிறகுதான் தூரிகையை எடுத்தேன்.