ஹரிராமுக்கு எதற்குச் சாவி?

பிளம்பர் வந்தால் குளியலறையைத் தவிர மற்ற அறைகளையெல்லாம் பூட்டிவிட்டுத்தான் வாசல் கதவைத் திறப்பார் ஹரிராம். மாமியார் வந்தபோதும் அப்படித்தான். அடுப்படியும் பூஜையறையும் மட்டும் திறந்திருந்தன. "அத்தைக்கு வேற ரூம் எதுக்கு?" என்று கேட்டாராம் மனுஷன். அத்தை மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

அவனியாபுரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியின் செர்வர் மெஷினுக்கு அவர்தான் பொறுப்பு. நான் கணக்கு பார்க்கிறவள். காலேஜ் ரிசல்ட்டுகளை இன்டர்நெட்டில் போடுவது எங்கள் பிழைப்பு. அவற்றை வெளியே காட்டுவது வெப் செர்வர் என்கிற புரோகிராம். எவனாவது அதை வளைத்துப் பிடித்தால் மெஷினையே சூறையாடிவிடுவானாம். அதனால் அதற்கு எஸ்.இ.லினக்ஸ் என்று ஒரு காவல் போட்டிருந்தார்.

"ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் இருக்குக்கா. இந்த வெப் செர்வர் பய எந்த லேபிளத் தொடலாம்னு ரூல் இருக்கு. ரூல்ல இல்லாதத நானே சொன்னாலும் தொட மாட்டான்."

மற்ற கம்பெனிகளில் இந்தக் காவலை முதல் நாளே அணைத்துவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது வேப்பெண்ணெய் குடித்தவர்போல் முகம் சுளிப்பார்.

2006இல் ஒரு ரிசல்ட் நாள். பக்கம் திறக்கவில்லை. 'அனுமதி இல்லை' என்றே வந்தது. போன் ஓயாமல் அடித்தது. முதலாளி சிவக்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏப்பா, அந்தக் காவல ஆஃப் பண்ணிப் போடு. இல்ல, வீட்டப் பாத்துப் போயிரு."

"போறேண்ணே. ஆஃப் மட்டும் பண்ண மாட்டேன். என்னன்னு பாத்துட்டுப் போறேன்."

புது வீட்டுக்கு லோன் போட்டிருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? அவர் செர்வர் அறைக்குள் போய், காவல் யாரை ஏன் தடுத்தது என்று பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தாண்ணே."

ரிசல்ட் ஃபைலைத் தன் சொந்த ஃபோல்டரில் தயார் செய்து, காப்பி எடுக்காமல் அப்படியே வெப் செர்வரின் ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்திருக்கிறார். நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடுமாம். ஹரிராம் வீட்டுச் சாமான் என்று வெப் செர்வரைத் தொடவிடாமல் தடுத்துவிட்டது காவல். ஒரு வரி தட்டி லேபிளை மாற்றினார். பக்கம் திறந்தது.

"ஒன்னய வச்சுக்கிட்டு நான் எம்புட்டுத்தான் படுறது" என்று முனகிக்கொண்டே முதலாளி போனார்.

ஹரிராம் செர்வர் அறையைப் பூட்டி, சாவியை என் மேசையில் வைத்தார். "இத நீங்க வச்சுக்கங்கக்கா. எனக்கு மட்டும் எதுக்கு எப்பவும் தொறந்திருக்கணும்? வேணும்னா கேக்குறேன்."

டீ குடித்துவிட்டு வந்து என் முன்னால் தயங்கி நின்றார்.

"டிபன் பாக்ஸ் உள்ள இருக்குக்கா."

"அதுக்கு நீங்க எதுக்கு உள்ள போகணும்?" என்றேன். சும்மா சீண்டத்தான் கேட்டேன்.

யோசித்துவிட்டுத் தலையாட்டினார். நான் போய்க் கதவை விரியத் திறந்தேன். அவர் நிலைப்படிக்கு வெளியே, கால் விரல் உள்ளே படாமல் நின்றபடி, நான் எடுத்துத் தரப்போகிற டிபன் பாக்ஸுக்குக் கையை நீட்டினார்.