டாக்டர் நேமிராஜன் எண்ணிய மூச்சு

திங்கட்கிழமை காலை ஊசிகளைக் கொதிக்க வைத்துவிட்டு, டாக்டர் வரும் நேரமாயிற்றே என்று வாசலைப் பார்த்தேன். வந்தவர் வாலாஜாபாத் பஸ் கண்டக்டர். "கம்பவுண்டரே, உங்க டாக்டரு விடிகாலைல போயிட்டாருப்பா. மார்வலியாம். ஊரே அழுதுக்கினு இருக்குது" என்றார். அடுப்பை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் வற்றிக் கண்ணாடி ஊசிக்குழல் ஒன்று வெடித்தது. அந்தச் சத்தத்தில்தான் அழுதேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் நேமிராஜன் அவர்கள் காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் பதினான்கு ஆண்டுகள் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம், பயிர் செய்யும் சமணக் குடும்பம் அவருடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவரிடம் சேருமுன்பே நான் மூன்று டாக்டர்களிடம் மருந்து கலக்கியிருந்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

இருமும் குழந்தை வந்தால் அவர் முதலில் சொல்வது, "துணியை எடுங்க." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவார். வரிசை தெருவரை நிற்கும். எனக்குப் பொறுக்காது.

"கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்குனா ஆவாதா டாக்டர்?"

"குழந்த ஒரே சீரா மூச்சு விடாது, கம்பவுண்டரே. கால் நிமிஷம் ஏமாத்திடும்."

பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிடமாட்டார். எறும்பைக்கூட மிதிக்கத் தயங்குவார். "கிருமியும் உயிர்தானே டாக்டர், பென்சிலின் போடுறது பாவம் இல்லியா?" என்று ஒருநாள் சீண்டினேன். சிரித்துக்கொண்டே, "அந்தப் பாவம் என்னோட போவட்டும். நீங்க ஊசிய எடுத்துனு வாங்க" என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

பட்டு நெய்யும் தெருவில் விடியற்காலையில் தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளான பாவு நீளமாக விரிப்பார்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து இழை பிடித்தால்தான் வேலை நடக்கும். பிள்ளைகள் ஓடிவந்து பாவில் விழுந்து இழையை அறுத்துவிடக் கூடாதென்று, எல்லா வீட்டுக் குழந்தைகளையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவது வழக்கம். அந்த மாதம் நிமோனியா என்று எங்களிடம் வந்த மூன்று குழந்தைகளின் தாய்மாரிடமும் டாக்டர் ஒரே கேள்வியைக் கேட்டார்: "பாவு அன்னிக்கு எந்த வீட்ல விட்டீங்க?" மூவரும் ஒரே வீட்டைச் சொன்னார்கள்.

"பாருங்க, பெரிய புள்ள ஒண்ணு இருமிக்கினு இருந்திருக்குது. அதுக்கு வெறும் சளிதான். சாத்துன ரூம்ல அது இருமுனா மத்ததுங்களுக்கும் ஒட்டும். அதுல ஒண்ணு ரெண்டு கைக்குழந்தைக்கு நெஞ்சுல எறங்கிடுது. இருமுற புள்ளைய மட்டும் தனியா வைங்கன்னு தெருவுல சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார்.

அந்தத் தெருவில்தான் என் மகள் சாரதாவைக் கட்டிக்கொடுத்திருந்தேன். நான் சொல்லவில்லை. ஒரு இருமலுக்குப் பயந்து பாவு நாள் வழக்கத்தை மாற்றுவார்களா என்று எனக்குள் ஏளனம்.

எட்டே நாளில் என் பேத்தி மல்லிகா இருமினாள். எட்டு மாதக் குழந்தை. டாக்டரிடம் கொண்டுபோனால் "சொன்னீங்களா?" என்று கேட்பாரே! சாரதா வீட்டுக்குப் போய், அவளுக்குத் தெரியாமல் நானே வைத்தியம் பார்த்தேன். பெரியவர்களுக்குத் தரும் இருமல் மருந்தைக் காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம் புகட்டினேன். இருமல் நின்றது. குழந்தை தூங்கியது. "பாத்தியா, தானா அடங்கிடுச்சு" என்று சாரதாவிடம் பெருமையடித்தேன்.

மாலையில் சாரதா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பால் குடிக்க மாட்டேங்குது நைனா. நான் டாக்டரக் கூப்புட ஆள் அனுப்பிட்டேன்" என்றாள்.

அவர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். மாலை வெயில் ஓட்டுமேல் ஏறியிருந்தது. "துணியை எடுங்க" என்று சொல்லி எண்ணத் தொடங்கினார். நாற்பத்தாறு. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். முகம் குழம்பியது.

"வேகம் ரொம்ப இல்ல. சத்தமும் பிடிபடல. ஆனா இப்படி ஏன் தூங்குது? ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல" என்றேன். என் மகளும் மருமகனும் பக்கத்தில் நின்றார்கள்.

"அப்போ காலைல பாக்கலாம்" என்று எழுந்தார். செருப்பில் காலை விட்டவர், திரும்பி என்னைப் பார்த்தார். சாரதாவை வெந்நீர் வைக்கச் சொன்னார், மருமகனைக் குதிரைவண்டி பார்க்க அனுப்பினார். நாங்கள் இருவரும் குழந்தையும் மட்டும்.

"கம்பவுண்டரே, இன்னொரு தபா கேக்குறேன்."

குழந்தையின் உதட்டைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "அது மூச்சயும் அடக்குமே! அடக்கியே நாப்பத்தாறா?" என்றபடி உட்கார்ந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அசையவில்லை. மறுபடியும் சுண்டினார். மூன்றாம் முறை ஓங்கிச் சுண்டியதும் மல்லிகா வீறிட்டு, ஆழமாக மூச்சை இழுத்தாள். குழல் அவள் முதுகில் தயாராக இருந்தது. "வலது பக்கம், அடியில. நெருப்புல உப்பு போட்டாப்பல வெடிக்குது. நிமோனியாதான். ஊசி!"

கையில் சிறிதளவு போட்டு, ஒவ்வாமை இல்லையென்று பார்க்கக் காத்திருந்த நேரம் என் வாழ்நாளில் மிக நீண்டது. பிறகு முழு ஊசி. பிராணவாயு இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அவரும் வந்தார். வழியெல்லாம் குழந்தையைத் தூங்கவிடாமல் காலைச் சுண்டிக்கொண்டே வந்தார். சூரியன் மறைந்தது. அவருடைய சாப்பாட்டுத் தூக்கு சாரதா வீட்டிலேயே திறக்காமல் கிடந்தது. மறுநாள் காலையில் மல்லிகா பால் குடித்த பிறகுதான் அவர் பல் விளக்கப் போனார்.

என் வீட்டாரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் சொன்னது இதுதான்: "தெருவுல போயி சொல்லிடுங்க." சொன்னேன், வீடு வீடாக. அதற்குப் பிறகு பாவு நாளில் இருமும் பிள்ளை தனியே இருக்கிறது, அந்த அறையின் கதவும் திறந்திருக்கிறது.

சாரதா, இதை நீ படிப்பாய். ஆறு வருடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியவர் இனி இல்லை. அதனால் நானே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்.

திங்கட்கிழமை மதியம் அவருடைய ஊர் வீட்டு முற்றத்தில், அவரைக் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டுமென்று அவசரப்பட்டார்கள். நான் அருகில் போய், "துணியை எடுங்க" என்றேன். எல்லோரும் திகைத்தார்கள். அவருடைய தம்பி என்ன நினைத்தாரோ, துணியை மார்புவரை விலக்கினார்.

என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் நிமிடத்தில் நிறுத்தவில்லை, டாக்டர். முழு நிமிடமும் பார்த்தேன். போய் வாருங்கள்.