செம்பு நிறத்தில் வந்த வால்வு

நான் கண்ணால் கண்டதையும், என்னிடம் நேரில் சொல்லப்பட்டதையும், பட்டறையின் வேலைப் பதிவேட்டில் என் கையால் எழுதியதையும் மட்டுமே இங்கே தருகிறேன். காரணம் உண்டு. ஒரு படகு மூழ்கியது. அதன் காவலாளி ஞானவேலு இறந்தார். அந்தப் படகின் பித்தளைச் சாமான்களுக்கு மெருகேற்றியவர்கள் நாங்கள். அதன்பின் செஞ்சிக் கடைத்தெருவில் இதைப் பற்றிப் பல கதைகள் உலவின. ஞானவேலுவின் மனைவி இதைப் படிக்கக்கூடும். அவருக்கு இன்னொரு கதை தேவையில்லை.

1. கடலில்லாத ஊரில் படகுச் சாமான்

எங்கள் பட்டறை செஞ்சியில், திண்டிவனம் சாலையில் இருந்தது. மெருகு மங்காமல் காக்கும் தெளிந்த பூச்சான லேக்கரை அடிக்கும் பிரிவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் நான் பொறுப்பாளராக இருந்தேன். கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் ஏன் சாமான்களைக் கொண்டுவருகிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வருவோர் கேட்பார்கள். கடற்காற்றில் மெருகேற்றிய பித்தளை, லேக்கர் அடிப்பதற்குள்ளேயே மங்கத் தொடங்கும். ஈரத்தில் அடித்த லேக்கர் பால்போல் வெளுத்துவிடும். செஞ்சியின் வறண்ட வெயிலில் அது கண்ணாடியாய்க் காயும்.

பழைய லேக்கரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் உரிப்போம். புளித்தண்ணீரில் ஊறவைத்துக் களிம்பை அகற்றுவோம். முதலில் சுழலும் நார்ச் சக்கரத்திலும் பிறகு துணிச் சக்கரத்திலும் பிடித்து மெருகேற்றுவோம்; இதுதான் பஃபிங். தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தபின் வெறுங்கை படக்கூடாது. பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து லேக்கருக்கு அடியில் விரல்ரேகை கறுப்பாக எழும்.

புளித்தண்ணீரில் ஒரு தொல்லை உண்டு. அளவுக்கு மேல் ஊறினால் பித்தளையின் மேல் செம்பு நிறம் படியும். நார்ச் சக்கரத்தில் பிடித்தால் போய்விடும். இதை அறியாதவர் எங்கள் பட்டறையில் ஒருவரும் இல்லை. நாங்கள் செய்த தவறு இந்த அறிவிலிருந்தே வந்தது.

2. மறுபிடி

ஞானவேலு புதுச்சேரிப் பேருந்திலிருந்து இரண்டு சாக்கு மூட்டைகளோடு இறங்கி வந்தார். அவர் காவல் காத்த சுற்றுலாப் படகைக் கரையேற்றி வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டைகளில் கைப்பிடிகளும், சன்னல் வளையங்களும், கயிறு கட்டும் கொம்புகளும் இருந்தன. ஒரு வால்வும் இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே விடும் வால்வு அது; படகின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்தப்படுவது.

"இதயுமா பாலிஷ் போடணும்? யாரு கண்ணுல படப்போவுது?" என்றார் பஃபிங் பிடிக்கும் ஏழுமலை.

"மீனுங்க கண்ணுல படும்," என்றார் ஞானவேலு. "எங்க ஓனரு இன்ஜின் ரூமக்கூட கெஸ்ட்டுக்குத் தொறந்து காட்டுவாரு. அதுக்குப் பக்கத்துலதான் நான் படுக்கறேன். என்னயும் அந்தச் சக்கரத்துல கொஞ்சம் பிடிச்சி வுடு நைனா. பளபளன்னு ஊரு போய்ச் சேர்றேன்."

இரண்டாம் நாள் ஏழுமலை அந்த வால்வை என்னிடம் கொண்டுவந்தார். கழுத்துப் பகுதி முழுவதும் இளஞ்சிவப்பாய் இருந்தது.

"இன்னாக்கா இது, செம்பு மாதிரி இருக்குது? துணியில பிடிச்சா போவ மாட்டேங்குது."

"புளித்தண்ணியில யாரு போட்டது?"

"நான்தான். சாப்புடப் போனவன் மறந்துட்டேன்."

"அப்போ அதான். நாருல அழுத்திப் பிடி."

"சாக்குலர்ந்து எடுக்கச்சொல்லவே செவப்பாதான் இருந்துச்சிக்கா."

"களிம்புக்கு அடியில இன்னா கலருன்னு உனக்கெப்படித் தெரியும்? பிடிச்சிக் குடு, லேக்கர் காயணும்."

அவர் பிடித்துக் கொடுத்தார். சக்கரம் பக்கத்துப் பித்தளையைக் கழுத்தின் மேல் இழுத்துப் பூச, மேற்பரப்பு மஞ்சளானது. "வால்வு 1, கழுத்தில் செம்பு நிறம், நாரில் மறுபிடி, ஏழுமலை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு லேக்கர் அடித்தேன்.

சாமான்களை எடுத்துப்போக வந்த ஞானவேலு, வால்வைத் தூக்கிப் பார்த்தார். "மொகம் தெரியுது. இதுலயே ஷேவ் பண்ணிக்கலாம்," என்றார். பிறகு, "தண்ணி கசியாதில்லக்கா?" என்று கேட்டார்.

"அது எங்க வேலை இல்லீங்க. மெக்கானிக்கு பாத்துட்டுத்தான் மாட்டணும்," என்றேன்.

அவர் என் சொல்லைக் கேட்டு நடந்தார். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். "மெக்கானிக்கு பாத்தாருக்கா. புதுசு மாதிரி இருக்குது, இத்த மாத்த வேணாம்னு சொல்லிட்டாரு."

அதை நான் எங்கள் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

3. ஆய்வாளரின் கேள்வி

ஏழு மாதம் கழித்து அந்தப் படகு, கட்டி நிறுத்தியிருந்த துறையிலேயே நீர் புகுந்து மூழ்கியது. உள்ளே படுத்திருந்த ஞானவேலுவின் உடலை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. காப்பீட்டு ஆய்வாளர் ஒருவர் எங்கள் பட்டறை முதலாளியிடம் தொலைபேசியில் இதைச் சொல்லி, விசாரிக்க வருவதாகவும் தெரிவித்தார்.

முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "கலரு கிலருன்னு வாயத் தெறக்காத. மஞ்சளா வந்துச்சி, மஞ்சளா போச்சி. அவ்ளோதான்."

ஆய்வாளர் வந்ததும் என்னிடம் கேட்ட முதற்கேள்வியே அதுதான். "வால்வு எங்கயாவது செவப்பா இருந்துச்சாம்மா?"

"ஏன் கேக்கறீங்க?"

"கடல்தண்ணி பித்தளையில இருக்கற துத்தநாகத்தத் தின்னுடும். மிச்சம் நிக்கறது வெறும் செம்பு, பஞ்சு மாதிரி. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. அந்த எடத்துல வெண்கலம் போட்டிருக்கணும். பித்தளை கெட்டுப்போச்சின்னு வெளிய காட்டறது அந்தச் செவப்பு ஒண்ணுதான்."

மெக்கானிக் பார்த்திருக்க வேண்டிய ஒரே அடையாளத்தை நாங்கள் தேய்த்து அகற்றி, அது திரும்பத் தெரியாதபடி லேக்கரும் அடித்து அனுப்பியிருந்தோம். பதிவேட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை அவர் முன் விரித்தேன். முதலாளி எழுந்து வெளியே போனார்.

ஆய்வாளர் போனபின் ஏழுமலை என்னிடம் வந்தார். "உண்மயச் சொன்ன, சரி. என் பேருதான அதுல இருக்குது? எனக்கு ரெண்டு பொண்ணுக்கா. முன்னாடியே செவப்பா இருந்துச்சின்னு நான் சொன்னனே, நீ கேட்டியா?"

"கேக்கல."

"அதயும் எழுதி வெச்சிருக்கியா?"

எழுதியிருக்கவில்லை. அன்று மாலையே ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து, ஏழுமலை எச்சரித்ததையும் நான் மறுத்ததையும் சொன்னேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார். ஏழுமலை அதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் ஊரான சிங்கவரத்துக்குப் புறப்பட்டிருந்தார். அவர் மீண்டும் வேலைக்கு வரவில்லை. மாத இறுதியில் முதலாளி என்னையும் நிறுத்தினார்.

4. இத்தொழிலுக்கு வருவோருக்கு

பித்தளை சிவந்திருந்தால் சக்கரத்தில் வைக்காதீர்கள். வெளிப்பார்வைக்குத் தெரியாத ஓர் இடத்தில் அரத்தால் சற்று ஆழமாகக் கீறிப் பாருங்கள். அடியில் மஞ்சள் தெரிந்தால் சிவப்பு மேலே படிந்த நிறம் மட்டுமே. அடியிலும் சிவப்பே இருந்தால் மெருகேற்றாமல் திருப்பிக் கொடுங்கள். ஏன் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நீரைத் தடுத்து நிற்கும் எச்சாமானுக்கும் மெருகு வேண்டாம். உடன் வேலை செய்பவர் "முன்னாடியே இருந்துச்சி" என்றால் கையிலுள்ள வேலையை நிறுத்துங்கள். இந்த இறுதிச் செய்தியை நான் கற்றுக்கொண்டதற்குக் கொடுக்கப்பட்ட விலை என்னுடையதன்று.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். படகைச் சோதித்து முடிப்பதற்குள் அதை உடைத்து விற்றுவிட்டதாக ஆய்வாளர் பிறகு சொன்னார். வால்வு அவருக்குக் கிடைக்கவில்லை. அதன் கழுத்து உடைந்ததா, அதனோடு இணைந்த ரப்பர் குழாய் கழன்றதா என்பது தெரியாது. சிவப்பு நிறத்தை மெக்கானிக் பார்த்திருந்தால் வால்வை மாற்றியிருப்பாரா என்பது தெரியாது. தண்ணீர் ஏறியபோது ஞானவேலு விழித்துக்கொண்டாரா என்பதும் தெரியாது.