முட்டையாகத் தெரிந்த வட்டம்

சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபத்து நான்கு படிகள். நாகலூர்ப் பக்கம் மலைச் சரிவில் கட்டிய வீடுகள் எல்லாம் இப்படித்தான். போன ஆடி மழையில், இறங்கும்போது, கீழிருந்து எண்ணினால் நாற்பத்தேழாவது படியில், நனைந்த சில்வர் ஓக் இலைமேல் காலை வைத்துவிட்டேன். பதினொரு படி உருண்டு முப்பத்தாறாவதில் நின்றேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடிவாரத்தில் குடியிருக்கும் மகன் வந்து பார்த்தான். அவனுடையது தரையோடு இருக்கும் வீடு, ஏற ஒரு படிகூடக் கிடையாது. கால் சரியாக ஊன்ற வரவில்லை என்றால் நாங்கள் இருவரும் அங்கே வந்துவிட வேண்டியதுதான் என்றான். அறைகூட ஒழித்து வைத்துவிட்டானாம். என் மனைவியும் தலையாட்டினாள். எழுபத்து நான்கு வயதில் மலையை விட்டு இறங்கி, பகலெல்லாம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க நான் தயாராக இல்லை. ஆகவே அந்த எலும்பு நேராகச் சேர்ந்தே ஆக வேண்டும்.

எனக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் டாக்டர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்; பதினேழு கேட்டேன். எலும்பின் குழாய்க்குள் நீளமாக ஒரு கம்பியை இறக்குவார்கள். அது உள்ளே சுழலாமல் இருக்க மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்க்ரூ. கீழே உள்ள இரண்டில்தான் சிரமம். கம்பியில் இருக்கும் ஓட்டை எலும்புக்குள் மறைந்திருக்கும். எக்ஸ்ரேயில்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஓட்டைக்கு நேரே எக்ஸ்ரே பாய்ந்தால் திரையில் வட்டமாகத் தெரியும். சாய்வாகப் பாய்ந்தால் முட்டை வடிவம். வட்டம் வந்த பிறகுதான் துளைக்க வேண்டும். குறி தப்பித் தப்பித் துளைத்தால் எலும்பு பலவீனமாகிவிடும்.

“எத்தனை தடவை தப்பலாமுங்க?” என்று கேட்டேன்.

“தப்பாம துளைக்கலாம்னு இருக்கேனுங்க” என்றார்.

எனக்கு அது உடனே விளங்கியது. முப்பத்தொரு வருஷம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, கணக்கெழுதி ஆட்களை மேய்ப்பவனாக, இருந்தவன் நான். செடிக்குக் குழி வெட்டும் முன் கயிறு பிடித்துக் குச்சி நடுவோம். முதல் குச்சிக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், மற்ற குச்சிகள் எல்லாம் அதன் பின்னே மறைந்துவிட வேண்டும். ஒன்று எட்டிப் பார்த்தாலும் பிடுங்கி நட வேண்டும். ஆட்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது ஒன்றுதான்: வரிசையின் தலைமாட்டில் நிற்பவன் மட்டும் பேசலாம், பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது. எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் அறுவைச் சிகிச்சை அன்று காலை இதை இரண்டு முறை சொன்னேன்.

அவளிடமும் ஒரு வழி இருந்தது. முன்பெல்லாம் அந்த இயந்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும்போது, ஒவ்வொரு முறையும் இடம் தேடியே படம் படமாக எடுக்க வேண்டியிருக்குமாம். இப்போது தரையில் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறாள். இயந்திரத்தின் வளைந்த கை எவ்வளவு சாய்ந்திருந்தது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிறாள். ஈய அங்கி போட்டிருந்தாலும் தினமும் அங்கே நிற்பவர்கள் அவர்கள். ஒரு படம் குறைந்தால் அவர்களுக்கும் நல்லது. கீழ் ஸ்க்ரூ இரண்டுக்கும் எத்தனை படம் ஆகும் என்று கேட்டேன். இருபதுக்குள் முடித்துவிடுவோம் என்றாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு, படத்துக்கு ஒன்றாக, எண்ணிக்கையே இல்லாமல் ‘பீப் பீப்’ என்று அடித்ததாக அவர் சொல்லியிருந்தார். நான் எண்ணுவதென்று முடிவு செய்தேன்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தலை மட்டும் விழித்திருந்தது. கம்பி இறங்கி, மேல் ஸ்க்ரூ முடிவதற்குள் பதினான்கு பீப். பிறகு இயந்திரம் சிவப்பு டேப்பின் மேல் வந்து நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

ஒன்று. இரண்டு. அந்தப் பெண் இயந்திரத்தின் கையை ஒரு மயிரிழை திருப்பினாள். மூன்று. போதும் என்று டாக்டர் துளைக்கும் கருவியை வாங்கிக்கொண்டார்.

மார்புக்கு மேலே கட்டியிருந்த பச்சைத் துணியின் ஓரமாக எனக்குத் திரை தெரிந்தது. அதில் இருந்தது முட்டை. நன்றாக, நெடுக்கு வாட்டில், கோழி முட்டை. அறுபத்து நான்கு படிகளும் என் கண்முன் வந்து போயின.

“டாக்டருங்க, கொஞ்சம் பொறுங்க. வட்டம் இன்னும் முட்டையாத்தானுங்க இருக்குது.”

மயக்க மருந்து டாக்டர் குனிந்து, நான் பிதற்றுகிறேனா என்று முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினாள். முட்டை அகலமாகி, அகலமாகி, ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக நின்றது.

“ஏனுங்க ஐயா, நீங்க பக்கத்துல இருந்துதானுங்களே பாக்கறீங்க? கயிறு பிடிச்சு நிக்கறது டாக்டருங்க” என்றாள்.

முகமூடிக்குள் டாக்டர் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. “துளைக்கலாமுங்களா, ரைட்டரே?”

“துளைங்க” என்றேன். வேறு என்ன சொல்ல?

வலி இல்லை, மேஜை மட்டும் அதிர்ந்தது. நான்காவது படத்தில், வட்டத்தின் நடுவில் கருவியின் முனை கரும்புள்ளியாக உட்கார்ந்திருந்தது. அடுத்த ஓட்டையும் முடிந்தபோது, அவளும் நானும் ஒரே நேரத்தில் ஒன்பது என்றோம்.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் எலும்பு சேர்ந்திருந்தது. நான்கு ஸ்க்ரூவும் வைத்த இடத்தில் இருந்தன. அடிவாரத்து வீட்டில் எங்களுக்காக ஒழித்த அறையில் மகன் இப்போது மிளகு மூட்டைகளை அடுக்கியிருக்கிறான்.

ஒண்டிக்கடைச் சந்திப்புக்குப் பஸ்ஸில் போய் வந்து, நேற்றும் அறுபத்து நான்கையும் ஏறினேன். நாற்பத்தேழாவதில் மட்டும் படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலே வாசலில் நின்றிருந்த மனைவி, வலது பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறது, நேராக வையுங்கள் என்றாள். பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தேன். அவள் படி வரிசைக்கு நேர் தலைமாட்டில் நின்றிருந்தாள். பாதத்தை நேராக வைத்து ஏறினேன்.