ஊதாப் பூவின் மொட்டுக்குள்

டில்லியில் புதிய சக்கரவர்த்திக்கு முடிசூட்டு தர்பார் நடந்த மறு வருஷம், மார்கழி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இயற்கை சாஸ்திர வாத்தியாராக இருந்தேன். வயசு இருபத்தாறு. வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

செடியின் ஒரு செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று வகுப்புக்காகப் பெரிய படம் வரைந்து மாட்டியிருந்தேன். எல்லாம் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து வரைந்ததுதான். எங்கள் தமிழ்ப் பண்டிதர் அதன்முன் வெகுநேரம் நின்றார். என் வயசுக்காரர், தினமும் மத்தியானச் சோற்றுக்குக் கூட்டாளி.

"இது உம்ம கண்ணால பாத்ததாவே?" என்று கேட்டார்.

"பின்னே? பாக்காமலா வரைவேன்!" என்றேன்.

"அப்ப எனக்கும் காட்டும்வே. சீக்கிரம் காட்டும்."

அவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டே வந்தது. புரை இல்லை, நரம்பு வாடுகிறது, சித்திரையைத் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்! சனிக்கிழமை காட்டுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். 

பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இருந்தது. புத்தகம் சொன்ன சீமைச் செடிதான் நம் ஊரில் இல்லை. அதன் பூவுக்குள் மகரந்தக் காம்பில் மெல்லிய மயிர்கள் இருக்குமாம். சாயம்கூட ஏற்றாமல், செல் உயிரோடு பிரிவதை அந்த மயிரிலேயே பார்க்கலாமாம். அதே இனத்தில் ஊதாப் பூ பூக்கிற ஒரு களை, பாளையங்கால்வாய்ப் பாசன வயல்களில் ஏராளமாகக் கிடந்தது. மூன்று நாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பறித்து வந்து பார்த்தேன். ஊதா மணி கோத்தாற்போல் செல்கள் வரிசையாகத் தெரிந்தன. அழகென்றால் அவ்வளவு அழகு. ஆனால் ஒன்றாவது பிரிய வேண்டுமே! அப்படியே கிடந்தன.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வரப்பில் குனிந்து நின்றபோது, பிசான நெற்பயிரில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

"என்னய்யா, தினமும் வந்து களையப் பறிக்கிய? மருந்துக்கா?"

"இல்லம்மா, இது வளருறதப் பாக்கணும்."

"நல்லா பாத்திய போங்க! விரிஞ்ச பூவுல வளர என்ன இருக்கு? அது சோலி முடிஞ்சுபோச்சுல்லா. மொட்டக் கிள்ளுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமைதோறும் கோயில் பீடத்துக்குப் பூக் கொண்டுபோவது எங்கள் வீட்டு முறை. நன்றாக விரிந்த பூவாகப் பார்த்துப் பறித்தே பழகிய கை. புத்தகம் படித்த மூளையும் அந்தக் கையோடு போய்விட்டது. அவளே பொடி மொட்டுகளாகப் பார்த்து, வேரோடு நாலு செடி பிடுங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை சன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்து, கண்ணாடியில் வெளிச்சத்தைத் திருப்பினேன். மொட்டைப் பிரித்து, ஒரு மயிரை எடுத்துத் தண்ணீர்ச் சொட்டில் வைத்தேன். நுனியில் ஒரு செல்லில், நடுவிலிருந்த உருண்டை லேசாகக் கலங்கியிருந்தது. எழுந்து பண்டிதரை உட்கார வைத்தேன்.

"இதுக்கு ஒரு கண்ணு போதும்லா! எனக்குன்னே செஞ்ச சாமான்வே" என்று சிரித்தார்.

பிறகு இரண்டு மணி நேரம் அவர் எழவே இல்லை. சொட்டு காய்ந்துவிடாமல் நான் ஈர்க்குச்சியால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தேன். வெயில் மேஜைமேல் மெதுவாக நகர்ந்தது. அவர் தூக்கத்தில் பேசுகிறவரைப்போலச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நூலு நூலா இருக்குவே... எல்லாம் நடுவுல வந்து நிக்குது... பைய ஒதுங்குது. யாரும் தள்ளல, தானா ஒதுங்குது."

வெயில் மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. திடீரென்று என் கையைப் பிடித்தார். "நடுவுல கோடு விழுந்துட்டுவே! ரெண்டாயிட்டு! வாரும், பாரும்!"

பார்த்தேன். ஊதா வெளிச்சத்தில் மெல்லிய ஒரு கோடு. இந்தப் பக்கம் ஓர் உயிர், அந்தப் பக்கம் ஓர் உயிர். எந்த நொடியில் ஒன்று இரண்டாயிற்று என்று யாராலும் சொல்லமுடியாது. என் படத்தில் அதெல்லாம் எங்கே இருந்தது!

"நானும் இன்னைக்குத்தான்வே முதல்ல பாக்கேன். அன்னைக்குச் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும்வே. இதப் பாத்தவன் அப்படி வெடுக்குனு பதில் சொல்லமாட்டான். கொஞ்சம் நின்னுதான் சொல்லுவான்."

"தெரிஞ்சுமா வந்தீரு?"

"எனக்கு நாளில்ல. நான் கேட்டா எப்படியும் காட்டிப்புடுவீருன்னு நம்பித்தான் கேட்டேன்."

நான் அழுதுவிட்டேன். வெட்கமாகவும் இல்லை.

டாக்டர் சொன்னபடியே சித்திரையில் அவர் பார்வை முழுக்கப் போயிற்று. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் "நான் பார்த்தேன்" என்று பிள்ளைகளிடம் சொல்ல வாயெடுத்தால், இன்றும் ஒரு நொடி நின்றுதான் சொல்கிறேன்.